சுவருக்குள் நூறு வாட்

றுமானா ஒரு வீட்டுக்குள் நுழையும்போது வாய் ஸலாம் சொல்லும், கை சுவருக்குப் போய்விடும். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல வலது புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பாள். உள்ளங்கையை வைக்கமாட்டாள். சுவரில் கரண்ட் கசிந்திருந்தால் உள்ளங்கை மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிவிடும் என்பது அவள் விளக்கம். "மரியாத தெரியாத புள்ள" என்று என் காதுபடவே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

நான் ஜெமீலா. றுமானா என் தம்பி பஹ்மியின் மனைவி. அவள் காத்தான்குடியில் வீடு வீடாகப் போய்க் கரண்ட் வேலை செய்கிறாள். நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஆம்பிளை கட்டாரில், இல்லாவிட்டால் சவூதியில். ஃபேன் நின்றுபோனால் முன்பின் தெரியாத ஆணை உள்ளே கூப்பிட முடியுமா? காக்கா என்று நாங்கள் கூப்பிடும் அண்ணனோ மாமாவோ ஓய்வாக வரும்வரை பெண்கள் வியர்த்து ஊற்றிக்கொண்டு கிடப்பார்கள். அதனால்தான் றுமானாவுக்கு அவ்வளவு கிராக்கி. ஒரு பெண் தனியாக வீடு வீடாகப் போவது சரியில்லை என்று என்னைப் பாதுகாப்புக்கு அனுப்பினார்கள். யாருக்கு யார் பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வீட்டு மாடியில் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், நான் இங்கே இவளுடைய சுத்தியலைச் சுமக்கிறேன்.

றுமானாவின் வாப்பா மீன் வியாபாரி. விடியற்காலையில் வாவிக் கரைக்குப் போய்த் தோணிக்காரரிடம் வாங்கி, சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத் தெருவாக விற்றவர். அவருடைய சாரன், சைக்கிள், வீட்டுத் தலையணை எல்லாம் மீன் மணக்கும். அதிலேயே பிறந்து வளர்ந்ததால் மீன் மணம் என்பது அவளுக்கு ஒரு மணமே இல்லை. கலியாணத்துக்குப் பிறகு எங்கள் உம்மா இதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் குத்துவார். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

கலியாணம் முடிந்த கையோடு பஹ்மி கட்டாருக்குப் போனான். கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலத்தில் அவளுடைய ஃபேன் நின்றுவிட்டது. கழற்றிப் பார்க்கிறேன் என்று ஏறியவளைக் கரண்ட் தூக்கிக் கட்டிலில் எறிந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றோடு அந்தப் பக்கம் தலை வைத்திருக்கமாட்டார்கள். இவளுக்கு ரோசம் வந்துவிட்டது. மட்டக்களப்பு டவுனுக்குப் போய் டெக்னிக்கல் கொலிஜில் சேர்ந்தாள். வகுப்பில் அவ்வளவு பேரும் பொடியன்மார், அபாயா போட்டவள் இவள் ஒருத்திதான். எங்கள் உம்மா குதித்த குதி எனக்குத்தான் தெரியும். பஹ்மி ஃபோனில் சிரித்தான். "படிக்கட்டும் உம்மா, நான் ஊருக்கு வந்தா எனக்கும் ஒரு வேல தருவா" என்றான்.

கணக்கென்றால் எனக்கு ஒவ்வாது. ஆனாலும் த்ரீவீலில் போகும்போதெல்லாம் அவள் என்னை விடமாட்டாள்.

"மதினி, ரெண்டு சாமான் தெரிஞ்சாப் போதும். வோல்ட் எவ்வளவு, அம்பியர் எவ்வளவு. வோல்ட்ட அம்பியரால பிரிச்சா அந்த இடம் கரண்டோட எவ்வளவு முரண்டு பிடிக்குதெண்டு தெரியும். ரெண்டையும் பெருக்கினா அந்த முரண்டுல எவ்வளவு சூடு வருதெண்டு தெரியும். முதலாவது ஓம், ரெண்டாவது வாட்."

"முரண்டு பிடிக்கிறதப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா? உன்ட மாப்பிள்ளைய வளத்தவ நான்" என்பேன்.

இப்படித்தான் ஒரு நாள் ஆசியா உம்மா வீட்டுக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். காணி எங்கே இருக்கிறது? அதனால் மூத்தவளுக்குக் கீழ்வீடு, அடுத்தவளுக்கு அதன்மேல் மாடி என்று வீட்டுக்குமேல் வீடு ஏறிக்கொண்டே போகும். ஆசியா உம்மாவின் கீழ்வீட்டில் மூத்த மகள் குடும்பமாக இருந்தாள். மேல்மாடி இளையவள் ஸுஹைனாவுக்கு. அதைக் கட்டியது அவர்களுடைய காக்கா இஷாம். மீசை முளைத்த வயதில் கட்டாருக்குப் போனவனுக்கு இப்போது தலை நரைக்கிறது. தங்கச்சி கரையேறினால்தான் அவனுக்குக் கலியாணம். ஸுஹைனாவின் கலியாணத்துக்கு அடுத்த கிழமை நாள் குறித்திருந்தது.

மேல்மாடி லைட்டுகள் கண் சிமிட்டுகின்றன, பல்பு மாற்றி மாற்றி அலுத்துவிட்டது, வந்து பார்க்கச் சொன்னார்கள். பெரிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

மேலே ஏறினோம். புதுப் பெயின்ட், புதுக் கட்டில், பளபளவென்று மெத்தை. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுவதும் சுவரோடு சேர்த்து அடித்த அலுமாரி. ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த இரும்புக் கம்பி. கீழே இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. ஸுஹைனா மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா, இந்த அறையில ஒரே மீன் நாத்தம். கலியாண அறை மணக்கிற மணமா இது?"

ஆசியா உம்மா கையில் சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். "பூன எங்கயோ மீன் முள்ளக் கொண்டு போட்டிருக்கு மகள். நானும் தேடாத இடமில்ல. ஒவ்வொரு நாளும் புகை போட்டுத்தான் அடக்கி வெச்சிருக்கன்" என்றார்.

நானும் மோந்து பார்த்தேன். மணத்தது உண்மைதான். மேற்கே வாவிப் பக்கமிருந்து கச்சான் வீசிக்கொண்டிருந்தது. "காத்து வாவியால வருது. கரையில சூடை மீன் காயப் போட்டிருப்பாங்க" என்று தீர்ப்புச் சொன்னேன். "எனக்கு ஒண்டும் மணக்கல்லயே" என்றாள் றுமானா. "உனக்கு எப்பிடிகா மணக்கும், மீன்காரன்ட மகள்" என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

அவள் ஏசியையும் குளியலறைச் சுடுதண்ணி ஹீட்டரையும் போடச் சொன்னாள். கீழே மெயின் பலகையில் பார்த்தபோது இருநூற்றுமுப்பது வோல்ட் இருந்தது. அங்கிருந்து மேல்மாடிக்கு ஒரே ஒரு வயர்தான் சுவருக்குள்ளால் ஏறுகிறது. வயரைக் கவ்விப் பிடித்து உள்ளே ஓடும் கரண்டைச் சொல்லும் மீட்டர் ஒன்று அவளிடம் உண்டு. அது இருபது அம்பியர் என்றது. மறுபடி மேலே போய்ப் பார்த்தாள். இருநூற்றிருபத்திரண்டு.

அவள் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும், பிடிக்கவும் பிடிக்காது.

"மதினி, எட்டு வோல்ட் வழியில காணாமப் போகுது. இந்தத் தூரத்துக்கு நல்ல வயர் மூண்டு தின்னும். மிச்சம் அஞ்சு வோல்ட்ட ஆரோ தின்னுறாங்க."

"தின்னட்டுமே, அஞ்சுதானே?"

"அஞ்ச இருபதால பிரிச்சா கால். சுவருக்குள்ள எங்கயோ ஒரு இடத்தில கால் ஓம் முரண்டு. வயர் ஜொயின்ட் ஒண்டு லூசாகிக் கிடக்கு."

"கால்தானே கா! நான் பயந்துட்டன்."

"இப்ப அஞ்சையும் இருபதையும் பெருக்குங்க."

"நூறு."

"நூறு வாட். இந்த வீட்டுச் சுவருக்குள்ள ஒரு நூறு வாட் குண்டு பல்ப்ப எரிய வெச்சுப் பூசி மூடியிருக்கு. எங்க எண்டுதான் தெரியாது."

நான் சாய்ந்திருந்த சுவரை விட்டு விலகி நின்றேன்.

கீழே வந்து சொன்னோம். கலியாணத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் பதியுதீன், ஆசியா உம்மாவின் தம்பி. அந்த அலுமாரி அவருடைய கடையில் அடித்த அலுமாரி. கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ட்ரிப் சுவிட்ச் இரிக்கே? பிரச்சின எண்டா அது விழும்தானே?"

"மாமா, கரண்ட் வழி தவறி ஆள்லயோ தரையிலயோ கசிஞ்சாத்தான் ட்ரிப் விழும். முப்பத்திரண்டு அம்பியருக்கு மேல இழுத்தாத்தான் மத்த சுவிட்ச் விழும். இங்க ரெண்டுமில்ல. கரண்ட் போற வழியாலதான் போகுது. போற வழியில சுடுது."

"அப்ப கலியாணத்தண்டைக்கு இருட்டில இரிக்கச் சொல்றியா?"

"மேல்மாடிய வெட்டி விடுங்க. கீழ இருந்து புதுசா ஒரு வயர் வெளியால இழுக்கலாம். இல்லாட்டி மேலுக்கு வேற கரண்ட் பில் மீட்டர் எடுங்க. ஆரம்பத்திலயே எடுத்திருக்கணும்."

மீட்டர் என்றதும் ஆசியா உம்மாவுக்கு வந்ததே கோபம். "ஒரு வாசல், ஒரு அடுப்பு, ஒரு மீட்டர்! ரெண்டு மீட்டர் தொங்கினா ரெண்டு குடும்பமாப் போச்செண்டு ஊர் சொல்லும். நான் மௌத்தாகிற வரைக்கும் என்ட புள்ளையள் ரெண்டும் ஒண்டு" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான், மூத்தவளின் பழைய வயரோடு இளையவளின் மாடியை முடிச்சுப் போட்டிருந்தார்கள். காத்தான்குடியில் இப்படி எத்தனை வீடு என்று நான் எண்ணப்போனால் தூக்கம் போய்விடும்.

"வயர் இழுத்த பாஸ் ஆரு?" என்று றுமானா கேட்டாள். எங்கள் ஊரில் வேலைக்கார மேஸ்திரியைத்தான் பாஸ் என்பது; பதியுதீன் அவருடைய பெயரைச் சொன்னார். என் வீட்டு மாடிக்கு வயர் இழுத்ததும் அதே பாஸ்தான். அவர் சவூதிக்குப் போய் நாளாகிறது. ஃபோன் எடுத்துக் கேட்டால், ஜொயின்ட் எங்கே போட்டேன் என்று ஞாபகமில்லை என்றார்.

றுமானா சுவர் சுவராகப் புறங்கையை வைத்துக்கொண்டு நடந்தாள். மேற்குச் சுவர்களெல்லாம் கச்சான் வெயிலில் ஏற்கனவே சுட்டுக்கொண்டிருந்தன. எந்தச் சூடு வெயில், எந்தச் சூடு வயர் என்று யார் கண்டது? கை எட்டாத சுவர் அலுமாரிக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான், அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றாள். பதியுதீன் எழும்பி நின்றுவிட்டார். "கலியாண வீட்ட உடைக்க வந்தவளா நீ?" என்றார். நானும் நாலு வார்த்தை சூடாகச் சொன்னேன். றுமானா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். மூத்த மகள் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருந்த நூறு வாட் குண்டு பல்பைக் கொண்டுவரச் சொல்லி, குசினி மேசையில் எரியவைத்து, அதன்மேல் ஆசியா உம்மாவின் பழைய சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் துணி மணத்தது. பிறகு மஞ்சளானது. மஞ்சள் மண்நிறமாகி நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. ஒரு நூல் புகை எழும்பியதும் அணைத்தாள்.

"மாமி, மகள்ட மாடிச் சுவருக்குள்ள இதுதான் எரியுது. இது ஏசியும் ஹீட்டரும் மட்டும் போட்ட நேரத்துக் கணக்கு. ஆக்கள் வந்து எல்லாத்தையும் போட்டா இத விட மோசம்."

ஆசியா உம்மா கருகின துண்டை எடுத்து மடித்து மடித்து விரலளவாக்கினார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். "கலியாணம் முடியட்டும் மகள்" என்றார் கடைசியில். எனக்கு அந்த இடத்திலேயே கத்தவேண்டும் போல இருந்தது.

அன்று பின்னேரம் இஷாம் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தான். பாவம், வேலைத் தொப்பியோடு, கண்ணெல்லாம் குழி விழுந்துபோய் இருந்தான்.

"ராத்தா, ஒரு நாளைக்குத் தாங்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"எவ்வளவு சூடெண்டு சொல்லுவன் தம்பி. எப்ப பத்தும் எண்டு சொல்ல எனக்கு ஏலா. அதுக்குக் கணக்கில்ல."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "மாப்பிள்ள வீட்டாக்கள் ஏசி கேட்டவங்க ராத்தா. நான் வாக்குக் குடுத்திட்டன்" என்றான். ஹீட்டரைப் போடுவதில்லை, அறை ஏசி ஒன்றைத் தவிர வேறொன்றும் மேலே போடுவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பதியுதீனும் தலையாட்டினார்.

வரும் வழியில் நான் றுமானாவைப் பிடித்துக்கொண்டேன். "வெட்டிப்போட்டு வந்திருக்க வேணும்கா நீ!"

"வெட்டிப்போட்டு வந்தா வேற ஆளக் கொண்டு சேர்ப்பாங்க மதினி. நான் கலியாணத்தண்டைக்கு அங்கயே நிண்டா பாத்துக்கொண்டாவது இரிக்கலாம்" என்றாள். அந்த ஒரு கிழமையும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையின் முன்னாலிருந்து உதட்டுக்குள் பெருக்கிக்கொண்டிருப்பாள்.

கலியாண நாள் வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ். அது முடிந்ததும் மாப்பிள்ளையை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். பெண்கள் எல்லோரும் வீட்டில். நானும் பட்டுச் சீலை உடுத்துப் பூ வைத்துப் போயிருந்தேன். றுமானாவும் புதுச் சீலைதான், ஆனால் கையில் மீட்டர். கீழே மெயின் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "கலியாண வீட்டில காவல் நாய் வெச்சிருக்காங்க" என்று ஒருத்தி சொன்னாள். அவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

முதலில் மீட்டர் எட்டு, ஒன்பது என்று இருந்தது. பிறகு பன்னிரண்டு. மேலே ஹோலில் புது ஏசி ஒன்றைப் பூட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. பதியுதீன் இரண்டு நாளைக்கு முன்னால் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். அதைப் போட்டார்கள். இருபது. றுமானா அணைக்கச் சொல்லி ஆளனுப்பினாள், ஒருவரும் கேட்கவில்லை. மாடி முழுக்க அலங்கார விளக்கு. மாப்பிள்ளை வந்து முகம் கழுவ யாரோ ஹீட்டரைப் போட்டார்கள். றுமானா மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முப்பது.

"விழாதா கா?"

"முப்பத்திரண்டுக்குத்தான் விழும்" என்றாள்.

கரண்ட் ஓடும்போதே மேலே வோல்ட்டைப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் எழும்ப, மேலே ஓடினோம். படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள், பூத்தட்டுகள். அறைக்குள் சாம்பிராணிப் புகை மண்டியிருந்தது. ஆசியா உம்மா சட்டியை ஊதிக்கொண்டே கட்டிலைச் சுற்றிவந்தார். ஸுஹைனா கலியாணச் சீலையோடு கட்டிலில் இருந்தாள். அலுமாரிக் கதவில் அவளுடைய தலை சாய்ந்திருந்தது. றுமானா பிளக்கில் மீட்டரைக் குத்தினாள். உதடு அசைந்தது. வயர் தின்னும் பங்கு போகப் பன்னிரண்டு வோல்ட் காணவில்லை.

"பன்னிரண்டு தர முப்பது. முந்நூற்றறுபது. மதினி, நூறு வாட்டா இருந்தது முந்நூற்றறுபதாப் போச்சு. முரண்டும் கூடிட்டு. ஜொயின்ட் வெந்துகொண்டு போகுது."

ஹீட்டரை அணைக்க நான் குளியலறைக்கு ஓடினேன். அப்போதுதான் ஸுஹைனா சொன்னாள், அழுகிற குரலில்.

"உம்மா, எவ்வளவு புகை போட்டாலும் இந்த மீன் நாத்தம் போகுதில்லயே. தல சுத்துது எனக்கு. அந்தப் பூனைய..."

றுமானா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். திரைச்சீலை உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது, கிழக்குப் பக்க ஜன்னலில். காற்று கடலிலிருந்து வந்தது. மீன் காயும் வாவிக் கரையிலிருந்து அல்ல.

"மாமி, இண்டைக்கு இந்த வீட்டில மீன் ஆக்கினீங்களா?"

"இதென்ன கேள்வி, கலியாணத்தண்டைக்கு மீனா? புரியாணிக்கு மாடு அறுத்தது."

"மதினி, உங்களுக்கு மணக்குதா?"

"மணக்குது."

"எங்க கூட?"

நான் மூக்கை வைத்துக்கொண்டு நடந்தேன். கட்டிலின் தலைமாட்டுக்குப் போனேன், அலுமாரியைத் திறந்தேன். சீலைகளுக்குப் பின்னாலிருந்து அழுகின மீன் மணம் முகத்தில் அடித்தது. றுமானா என்னை இடித்துக்கொண்டு வந்து, தொங்கிய சீலைகளுக்குள் கையை விட்டு, பின்பலகையில் புறங்கையை வைத்தாள். அடுத்த நொடி கையை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"இது மீனில்ல! கரண்ட் சாமான்ட பிளாஸ்ரிக் வெந்தா மீன் மாதிரித்தான் மணக்கும்! கொலிஜில ஒரு ஹோல்டர் கருகி வகுப்பே மீன் நாறுதெண்டு மூக்கப் பொத்தினது, எனக்கு எப்பிடி மறந்தது, யா அல்லாஹ்! மதினி, கீழ போய் மெயின அடிங்க! ஓடுங்க!"

இந்த வயதில் பட்டுச் சீலையோடு அந்தப் படிக்கட்டில் நான் எப்படி இறங்கினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெளியே மாப்பிள்ளையின் கார் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. பள்ளியிலிருந்து ஊர்வலத்துக்கு முந்தி ஓடிவந்த பதியுதீன் பலகைக்கு முன்னால் நின்றார்.

"ராத்தா, மாப்பிள்ள வாசலுக்கு வந்திட்டார். இந்த நேரத்தில கரண்ட் வெட்டினா மானம் போயிடும்."

"மானமா? உன்ட மருமகள்ற ஹயாத்து போகப் போகுதுடா!" என்று அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மெயினை அடித்தேன். ஏசி, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாம் ஒரேயடியாக நின்றன. அந்த வீட்டின் இரைச்சல் அப்படியே அறுந்துபோனது. மேலே சுத்தியல் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் மறுபடி ஏறும்போது ஸுஹைனாவை மூத்தவள் இழுத்துக்கொண்டு இறங்கினாள். அறைக்குள் றுமானா சீலைகளை அள்ளி எறிந்துவிட்டுப் பின்பலகையைப் பிளந்துகொண்டிருந்தாள். பலகை பெயர்ந்தது. உள்ளே அலுமாரி அகலத்துக்குக் கருகிக் கங்கு பிடித்திருந்தது. காற்று பட்டதும் குப்பென்று பற்றி, மேலே தொங்கிய ஒரு முந்தானையை நக்கியது. அவள் அந்த முந்தானையைக் கையாலேயே பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மிதித்தாள். நான் குளியலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மூன்றாவது வாளியை என் கையிலிருந்து யாரோ வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை! கோட்டும் மாலையுமாக நின்று தண்ணீர் ஊற்றினார் மனிசன். இரவு அந்த மெத்தையில் தலை வைக்கவேண்டியவர் அவர்தானே.

நெருப்பு அடங்கிய பிறகு றுமானா சுவரைத் தட்டிக் காட்டினாள். இரண்டு வயர்களை முறுக்கி, ஒரு பிளாஸ்ரிக் துண்டுக்குள் திணித்து, அதன்மேல் சீமெந்து பூசியிருந்தது. பிளாஸ்ரிக் உருகிக் கறுப்புப் பிசினாக வழிந்திருந்தது. அவ்வளவு சின்னச் சாமான், என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. றுமானாவின் வலது புறங்கை முழுக்கத் தோல் உரிந்து தொங்கியது. அப்போதும் அவள் அதைப் பார்க்கவில்லை, அந்தப் பிசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசியா உம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாம்பிராணிச் சட்டி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"புள்ள ஒவ்வொரு நாளும் மணக்குது மணக்குதெண்டு சொன்னா. நான்தானே புகை போட்டு மறைச்சன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் ஸுஹைனா வந்து சட்டியை வாங்கிவைத்து, உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்கப் பதியுதீனை இன்னும் நாலு ஏச்சு ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டு மதிலில் இப்போது இரண்டு மீட்டர் இருக்கின்றன. இஷாம் அங்கிருந்தே ஆளைப் பிடித்து ஏற்பாடு செய்தான். "என்ட புள்ளையள் ரெண்டாப் போயிட்டு" என்று ஆசியா உம்மா காண்பவரிடமெல்லாம் சொல்கிறார். "ரெண்டும் உசிரோட இரிக்கே மாமி" என்றேன்.

றுமானாவின் வலக்கை ஆறிவிட்டது, ஆனால் புறங்கைத் தோல் தடித்துப்போனது. அதில் சூடு தெரியாதாம். இப்போது இடக்கையைத்தான் சுவரில் வைக்கிறாள். லைட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "வீட்டில மீன் மணக்குதா?" என்று கேட்கிறாள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எந்த வீட்டால் முடியும்? சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கோபிக்கிறார்கள். அந்தப் பாஸ் வயர் இழுத்த வீடுகளில் பாதிப் பேர் அவளைக் கூப்பிடவே இல்லை.

என் வீட்டுக்கு அவள் கூப்பிடாமலே வந்தாள். மாடியில் மகளும் பிள்ளையும் கிடக்கிற அறைவரை போய் மீட்டரை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு வோல்ட்தான் மதினி, இப்போதைக்கு ஒண்டுமில்ல" என்றாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

இன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பேத்தியைப் பார்க்க மாடி ஏறினேன். படிக்கட்டின் திருப்பத்தில் மீன் மணத்தது. எங்கள் வீட்டில் இன்று பருப்பும் முருங்கைக்கீரையும். ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கடற்காற்று.

மெயினை அடித்துவிட்டு, மகளையும் பிள்ளையையும் முற்றத்தில் பாய் போட்டு உட்காரவைத்துவிட்டு றுமானாவைக் கூப்பிட்டேன். த்ரீவீல் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து வந்தாள். ஸலாம் சொல்லவில்லை. நேராகப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய் இடது புறங்கையைச் சுவரில் வைத்தாள்.

"என்னகா?" என்று கீழே நின்று கேட்டேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "மதினி, சுத்தியலக் கொண்டு வாங்க" என்றாள்.